தெற்கு வீட்டுக் குழு: இந்த வாரப் படம் ‘ஸ்கூல் டைஸ்’

ஞாயிறு, இரவு 8:10

மாலதி: படம் முடிந்தது. அந்த டில்லன் பயல் காரில் ஏறிப் போனபோது கைதட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அபி: அத்தை, கதாநாயகன் யார் என்று தெரிந்ததா? ‘மம்மி’ படத்து பிரெண்டன் ஃப்ரேசர். டில்லனாக வருவது மேட் டேமன். பையன்கள் கூட்டத்தில் பென் அஃப்ளெக்கும் இருக்கிறார். 1992இல் வந்த படம், அப்போது இவர்களை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

மாலதி: மம்மிக்காரனா! எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று முழுப் படமும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கணேசன்: கால்பந்து என்றீர்கள். எல்லோரும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அபி: அமெரிக்கன் ஃபுட்பால், மாமா. குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். டில்லனிடம் இருந்த அந்த இடம்தான் டேவிட் கிரீனுக்குப் போகிறது. வினை அங்கேதான் ஆரம்பம்.

ரவி: வினை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது அபி. டேவிட் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் ஊர்க்காரன். நிலக்கரியால் வளர்ந்த தொழிலாளர் ஊர். அந்த ஊர் யூதப் பையனை மாசசூசெட்ஸில் இருக்கும் பணக்கார விடுதிப் பள்ளி கடைசி வருடத்துக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடுகிறது. எதற்கு? போட்டிப் பள்ளியை ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும், பழைய மாணவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும். அவன் யூதன் என்று பயிற்சியாளருக்குத் தெரியும், தலைமை ஆசிரியருக்கும் தெரியும். வந்த அன்றே பயிற்சியாளர் காதில் போடுகிறார், தேவைக்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாதே என்று. எனக்கு அந்த இடத்திலேயே பகீர் என்றது.

நிவேதா: ஆமாம் பெரியப்பா. உடனே கழுத்துச் சங்கிலியில் இருந்த தாவீது நட்சத்திரத்தை, அதாவது யூத அடையாளத்தை, கழற்றி மறைத்து வைக்கிறான். யாரும் மிரட்டவில்லை, யாரும் கத்தவில்லை. அன்பாகப் பேசியே கழற்ற வைத்துவிட்டார்கள்.

செந்தில்: அப்பா, அந்தப் பள்ளி கற்பனை. ஆனால் பெரும்பாலும் படம் பிடித்தது இங்கே மாசசூசெட்ஸில், கான்கார்டு ஊரில் இருக்கும் மிடில்செக்ஸ் பள்ளியில். அந்தப் பக்கம் அடிக்கடி போவேன். செங்கல் கட்டடங்கள், நடுவில் பெரிய புல்வெளி, சேப்பல் என்கிற சின்னத் தேவாலயம் ஒன்று. செட் போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கணேசன்: பையன் சாமி கும்பிடுவது அந்த சேப்பலில்தானா?

செந்தில்: கதைப்படி ஆமாம் மாமா. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்றைக்கு மேட்ச். அவன் விளையாடுகிறான், ஜெயிக்கிறான். ராத்திரி யாருக்கும் தெரியாமல் சிலுவைக்கு முன்னால் நின்று எபிரேயத்தில் பிரார்த்தனை செய்கிறான். தலைமை ஆசிரியர் பார்த்துவிடுகிறார்.

மாலதி: அந்த மனுஷன் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்காக உன் சம்பிரதாயத்தை விட்டாயே என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கிறார். கூட்டி வந்தது யார்? ஆட வைத்தது யார்?

கணேசன்: இதில் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. பேஸ்பாலில் ஹேங்க் கிரீன்பெர்க் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர், டெட்ராய்ட் அணி. 1934இல் ரோஷ் ஹஷானா அன்று ஆடலாமா கூடாதா என்று ஊரே பேசியது. ஆடினார். இரண்டு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அணி 2-1 என்று ஜெயித்தது. அடுத்து வந்த யோம் கிப்பூர், யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாள், அன்று மட்டும் ஆடவில்லை, ஜெப ஆலயத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். 1965இல் பந்து வீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸும் அப்படித்தான். வேர்ல்ட் சீரிஸ் என்கிற பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டம் யோம் கிப்பூரில் வந்தது. பந்து வீச மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அபி: மாமா, ஃபுட்பாலில் பந்தை ஏன் கையில் தூக்குகிறார்கள் என்று கேட்டவரா நீங்கள்?

கணேசன்: பேஸ்பால் வேறு. அது கிட்டத்தட்ட கிரிக்கெட்.

ரவி: மாப்பிள்ளை சொன்னதில் ஒரு வித்தியாசம் பாருங்கள். கிரீன்பெர்க்கும் கோஃபாக்ஸும் ஊரறிய முடிவெடுத்தவர்கள். இந்தப் பையனால் நாளைக்குப் பண்டிகை என்று பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் கூடச் சொல்ல முடியவில்லை.

மாலதி: பக்கத்துக் கட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. அறைத்தோழன் ரீஸ் கோபித்துக்கொள்கிறானே, நீ யூதன் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. டேவிட் திருப்பிக் கேட்கிறான், உன் மதம் என்ன? மெதடிஸ்ட் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சொல்கிறான். இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லையே என்கிறான் டேவிட். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

நிவேதா: படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான் அத்தை. ரீஸ் கெட்டவன் இல்லை. இவனும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டே பழகியிருக்கிறான். அந்த ‘நம்மைப் போல’ என்பதுதான் சிக்கல்.

கணேசன்: நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். யூதன் என்று எப்படித் தெரிந்தது?

மாலதி: கொஞ்சம் இல்லை. குறட்டை.

அபி: பழைய மாணவர்கள் பேசுவது டில்லன் காதில் விழுகிறது மாமா. அப்புறம் குளியலறையில் கேலி, அடிதடி. பிறகு டேவிட்டின் கட்டிலுக்கு மேலே நாஜிச் சின்னம் போட்டு, யூதனே வீட்டுக்குப் போ என்று எழுதி வைக்கிறார்கள். எழுதியவன் நேரில் வா என்று டேவிட் அறிவிப்பு ஒட்டிவிட்டு ராத்திரி காத்து நிற்கிறான். ஒருவனும் வரவில்லை.

நிவேதா: அதைவிட மோசமானது பரீட்சை விஷயம். டில்லன் வரலாற்றுத் தேர்வில் பிட் அடிக்கிறான். கீழே கிடந்த சீட்டை வாத்தியார் எடுத்துவிடுகிறார். செய்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வகுப்பு மொத்தமும் ஃபெயில், நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். கேட்டால் பள்ளியின் கௌரவ நெறியாம். பதினேழு வயதுப் பையன்களை ஒரு அறைக்குள் விட்டு, உங்களில் ஒருவனைக் காவு கொடுங்கள் என்பதற்குப் பெயர் கௌரவமா?

ரவி: முப்பது வருடம் தேர்வு அறையில் நின்றவன் சொல்கிறேன், அந்த வாத்தியார் செய்தது சோம்பேறித்தனம். கையெழுத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்திருக்கும்.

செந்தில்: டேவிட் பார்த்திருக்கிறான், ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. நீயே போய்ச் சொல் என்று டில்லனுக்கு வாய்ப்பு கொடுக்கிறான். டில்லன் அதையே திருப்பி, டேவிட்தான் பிட் அடித்தான் என்கிறான். யார் சொல்வது உண்மை என்று பையன்கள் விடிய விடியப் பேசுகிறார்கள். பெரும்பான்மை முடிவு: யூதன்தான் செய்திருப்பான்.

நிவேதா: அந்தப் பேச்சில் கானர்ஸ் என்று ஒருவன் வருவான், கவனித்தீர்களா? அவனுக்கும் யூதர்களைப் பிடிக்காது. ஆனாலும் கிரீன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று சொல்கிறான். ரீஸும் டேவிட் பக்கம் பேசினான், அது நட்பால் என்று வைத்துக்கொள்ளலாம். கானர்ஸுக்கு என்ன வந்தது? எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். வெறுப்பு இருக்கிறவனுக்கும் கண் இருக்கும் என்று காட்டிவிட்டார்கள்.

மாலதி: எனக்கு அந்த மாணவர் தலைவன் வேன் கெல்ட் மேல்தான் ஆத்திரம். அவனும் டில்லனைப் பார்த்தவன். விடிய விடியப் பேசியபோது வாயில் கொழுக்கட்டையா? கடைசியில் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சொன்னானாம்.

ரவி: சொன்னானே, அதுவரைக்கும் சரி.

மாலதி: என்ன அண்ணா சரி? அந்த அறையில் சொல்லியிருந்தால் அல்லவா சரி.

நிவேதா: நான் அத்தை கட்சி. ஆனால் டில்லன் போனதற்குக் கைதட்டினீர்களே, அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லாப் பழியும் டில்லன் தலையில். அவன் வண்டியேறியதும் பள்ளி சுத்தமாகிவிட்டது போல முடிக்கிறார்கள். வாக்களித்த பையன்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். தேவைக்கு மேல் பேசாதே என்ற பயிற்சியாளரும் அங்கேயேதான்.

ரவி: இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரவி: இந்த மாதிரிப் பள்ளிகள் ஹார்வர்டு, யேல் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களின் வாசலுக்குப் போகும் பாதை. டேவிட்டுக்கும் ஹார்வர்டுதான் கனவு. 1900 வாக்கில் ஹார்வர்டில் சேருகிறவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில் யூதர்கள். 1922இல் அது 21க்கு மேல் போய்விட்டது. ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் லோவலுக்குப் பொறுக்கவில்லை. 15 விழுக்காட்டோடு நிறுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்பு. பேராசிரியர்கள் குழு அதை ஏற்கவில்லை.

அபி: அப்படியென்றால் தோற்றுவிட்டார்?

ரவி: அதுதான் இல்லை. அந்த வருடமே விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வந்தது: உன் பெயரையோ அப்பா பெயரையோ பிறந்த பிறகு மாற்றியதுண்டா, விவரமாக எழுது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்றும் கேட்டார்கள். அப்புறம் புகைப்படம் ஒட்டச் சொன்னார்கள். மதிப்பெண்ணோடு ‘குணநலன்’ என்று ஒன்றையும் சேர்த்து எடை போட ஆரம்பித்தார்கள். குணத்தை எந்தத் தராசில் போடுவது? உள்ளே இருப்பவர்கள் யாரைக் கை காட்டுகிறார்களோ அவனுக்குத்தான் குணம். எந்த விதியிலும் யூதர் என்ற சொல் கிடையாது, எண்ணிக்கை மட்டும் மறுபடி இறங்கிவிட்டது. யேலில் இந்த வழக்கம் 1960களின் தொடக்கம் வரை ஓடியது. படம் நடப்பது 1950களில்.

நிவேதா: இதைத்தான் சொல்ல வந்தேன் பெரியப்பா. டில்லன் சுவரில் எழுதுகிறவன், சுலபமாகப் பிடித்துவிடலாம். விண்ணப்பத்தில் கேள்வி எழுதியவரை யார் காரில் ஏற்றி அனுப்பினார்கள்? படம் அந்த அறைக்குள் போகவே இல்லை.

செந்தில்: ஒரு இடத்தில் போகிறது நிவி. எல்லாம் முடிந்த பிறகு, நடந்ததை மறந்துவிடுவோம் என்கிறார் தலைமை ஆசிரியர். டேவிட் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்னை ஃபுட்பாலுக்குப் பயன்படுத்தினீர்கள், நான் உங்களை ஹார்வர்டுக்குப் போகப் பயன்படுத்திக்கொள்வேன் என்கிறான். மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை.

நிவேதா: சரி, அந்த ஒரு வரிக்காகப் பத்து மதிப்பெண் கூட்டுகிறேன். ஆனால் அண்ணா, போகிற டில்லன் என்ன சொல்கிறான்? நான் எப்படியும் ஹார்வர்டுக்குப் போவேன், பத்து வருடம் கழித்து இதை யாரும் நினைக்க மாட்டார்கள், நீ அப்போதும் யூதனாகவே இருப்பாய் என்கிறான். திமிராகச் சொன்னாலும் கணக்கு சரிதானே. அவன் குடும்பத்துக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

மாலதி: அதற்கு டேவிட் கொடுத்த பதிலைச் சொல்லேன்.

நிவேதா: குடும்பக் குழுவில் எழுத முடியாது அத்தை.

அபி: 😂

மாலதி: கைதட்டியது அதற்குத்தான். கணக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு 11:35

கணேசன்: மறுபடி போட்டுப் பார்த்து முடித்துவிட்டேன். மாலதி தூங்கிவிட்டாள், அதனால் தைரியமாக எழுதுகிறேன். அந்த டில்லனையும் கொஞ்சம் பாவம் என்று நினைத்தேன். அண்ணன் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் தலையில் உட்கார்ந்து அழுத்துகிறது. ஆனால் அதே விடுதியில் பிரெஞ்சு வாத்தியாரின் நெருக்கடி தாங்காமல் ஒரு பையன் உடைந்துபோகிறானே, அவன் அடுத்தவன் மேல் பழி போடவில்லையே.

நிவேதா: மெக்கிவர்ன். சரியாகப் பிடித்தீர்கள் மாமா. நாங்கள் யாருமே அவனைப் பற்றிப் பேசவில்லை.

மாலதி: நான் தூங்கவில்லை.