நாலு பழைய கேம் பெட்டி, டிவியில் ஒரே ஒரு ஏவி ஓட்டை: என்ன செய்யலாம்?

மஞ்சள்கேசட்:
பரணைச் சுத்தம் செய்தபோது நானும் தம்பியும் ஆடிய பழைய டிவி கேம் கிடைத்தது. மஞ்சள் கேசட் செருகுகிற ரகம், கூடவே அந்த ‘9999999 இன் 1’ கேசட்டும் இருந்தது, அதிசயமாக இன்னும் ஓடுகிறது. அதைப் பார்த்ததும் ஆசை வந்து அங்கே இங்கே தேடி ஒரு மெகா டிரைவ் 2, பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2 மூன்றையும் சேர்த்துவிட்டேன். ஹாலில் இருப்பது எல்ஈடி டிவி. படமும் சத்தமும் போகிற மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஓட்டையெல்லாம் கிடையாது, ஹெட்போன் குத்துவது மாதிரி ஒரே ஒரு சின்ன ஓட்டை, அதற்கு டிவியோடு வந்த குட்டி ஒயர், அவ்வளவுதான். டிவியைச் சுவரில் அடித்திருப்பதால் கேம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் கையை விட வேண்டியிருக்கிறது. ஒய் மாதிரி பிரிகிற ஒயர் வாங்கி இரண்டைச் சேர்த்துக் குத்திப் பார்த்தேன், படம் இருட்டாக வருகிறது.

நாலையும் நிரந்தரமாகக் குத்திவிட்டு, வேண்டியதை மட்டும் ஆன் செய்து ஆட வழி உண்டா? அப்புறம் டிவி கேமில் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். கோளாறு டிவியிலா, என் வயசிலா?

ரிச்சிவாசி:
முதல் வேலையாக அந்த ஒய் ஒயரைக் கழற்றுங்கள். அது ஒரு பெட்டியிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரிக்க வந்தது, இரண்டு பெட்டியை ஒன்றாக்க இல்லை. வீடியோ லைன் 75 ஓம் கணக்கில் ஓடுவது, ஆஃப் செய்து வைத்த பெட்டியும் அந்த லைனில் தொங்கிக்கொண்டு சிக்னலில் ஒரு பங்கைக் குடித்துவிடும், அதனால்தான் இருட்டு.

உங்களுக்கு வேண்டியது ஏவி செலக்டர். நாலு உள்ளே, ஒன்று வெளியே, முன்னால் நாலு பட்டன், ஒன்றை அழுத்தினால் மற்றது டக்கென்று வெளியே வரும். கரண்ட் கூட வேண்டாம். அதன் வெளி ஒயரை டிவியின் குட்டி ஒயரில் குத்திவிட்டால் இனி டார்ச் வேலை கிடையாது. அந்தக் குட்டி ஒயரை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எது வீடியோ, எது எர்த் என்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்னொரு யோசனை, பிளேஸ்டேஷன் 1-ஐ ஷோகேஸில் வைத்துவிடுங்கள். அதன் டிஸ்க்கில் பெரும்பாலானவை 2-லேயே ஓடும், பழைய மெமரி கார்டும் அதே ஓட்டையில் போகும். இல்லை, வைத்தே தீருவேன் என்றால் இரண்டுக்கும் ஏவி ஒயர் ஒன்றேதான், ஒன்று உடைந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

கருகியபோர்டு:
ஒயரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அடாப்டரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு பெட்டியைக் கொன்றவன் நான். என்னிடம் மெகா டிரைவ் 1, 2 இரண்டும் இருந்தன. இரண்டுக்கும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 1-க்கு நடுப்பின் மைனஸ், 2-க்கு நடுப்பின் பிளஸ். முனையை மாற்றிப் போடுகிற பொது அடாப்டர் ஒன்றை 1-க்கு வைத்திருந்தேன், ஒரு ராத்திரி முனையை மட்டும் மாற்றி, பிளஸ் மைனஸைத் திருப்ப மறந்து, 2-ல் குத்திவிட்டேன். சின்னதாக ஒரு வாசனை, அவ்வளவுதான், உள்ளே வோல்ட்டைச் சீராக்குகிற 7805 ரெகுலேட்டர் போய்விட்டது. எல்லா அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குத்தப் போகிறீர்கள் அல்லவா, இன்றைக்கே ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அந்தப் பழைய டிவி கேமின் அடியில் நடுப்பின் எது என்று படம் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் புது அடாப்டர் வாங்காதீர்கள்.

டப்பாடிவி:
வயசு இல்லை, டிவிதான். பிளேஸ்டேஷன் 2 தவிர மற்றப் பெட்டிகள் அனுப்புவது பெரும்பாலும் 240 வரிப் படம், பால் (PAL, நம்மூர் டிவி முறை) என்றால் 288. புது டிவிகள் பல அதை வரிகள் ஒன்று விட்டு ஒன்றாக வரும் பழைய ஒளிபரப்பு என்று நினைத்து, அடுத்த படத்துக்காகக் காத்திருந்து இரண்டையும் கோர்க்கும். அடி வாங்கின ஆள் மினுக் மினுக்கென்று மறைந்து தெரிகிற இடத்தைக் கவனியுங்கள், வரி வரியாகக் கிழிந்து தெரியும். டிவியில் கேம் மோட் போட்டால் கொஞ்சம் குறையும். மலிவான ஏவி டு ஹெச்டிஎம்ஐ டப்பா வாங்கிவிடாதீர்கள், அதுவும் இதே தப்பைத்தான் செய்யும். ரெட்ரோடிங்க் மாதிரி இதற்கென்றே செய்த கன்வர்ட்டர் ஒன்றைச் செலக்டருக்கும் டிவிக்கும் நடுவே வைத்தால் நாலுக்கும் சேர்த்து ஒன்று போதும், ஆனால் விலை பெட்டிகளை விட அதிகம்.

என்னைக் கேட்டால், யாராவது தூக்கிப் போடுகிற பழைய டப்பா டிவியை வாங்கி வையுங்கள். தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.

மஞ்சள்கேசட்:
செலக்டர் வந்துவிட்டது, டேப்பும் ஒட்டியாயிற்று. படம் பளிச்சென்று இருக்கிறது, கேம் மோட் போட்டதில் குதிப்பதும் பரவாயில்லை. பரணில் டிவி கேமோடு வந்த, வாத்து சுடுகிற துப்பாக்கியும் கிடைத்தது, ஆனால் எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்து கூட விழவில்லை. துப்பாக்கி போய்விட்டதா?

டப்பாடிவி:
துப்பாக்கி நன்றாகவே இருக்கும். அது ஒன்றையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், அந்த வெளிச்சம் சரியான நேரத்தில் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். டப்பா டிவியின் வேகத்தை வைத்துச் செய்த கணக்கு அது, எல்ஈடியில் வாத்து சாகாது. உங்கள் ஊர் எது? எங்கள் மாடியில் 21 இன்ச் ஒன்று சும்மா கிடக்கிறது.