கார் கேரியர் பூட்டுகளுக்கு ஒரே சாவி: மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலோரவாசி, திருவான்மியூர்

எங்கள் கார் கூரையில் பத்துப் பூட்டுகள் இருக்கின்றன. கேரியர்கள் உட்காரும் குறுக்குக் கம்பி இரண்டையும் கூரையோடு பிடித்திருக்கும் கால்கள் நான்கு, காலுக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் சைக்கிளும் மகள் சைக்கிளும் ஏறும் கேரியர்களில் தலா இரண்டு. சாமான் வைக்கும் மூடிபோட்ட ரூஃப் பாக்ஸில் இரண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கியவை அல்ல. ஒவ்வொன்றும் வந்தபோது தன் சாவியையும் கூடவே கொண்டுவந்தது.

ஞாயிறு விடியற்காலை ஈசிஆர் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், கோவளத்தில் சர்ஃப் போர்டோ சைக்கிளோ ஏற்றி வந்த கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பாதியிலாவது பூட்டு இருக்கும், பூட்டியிருக்காது. சாவி ஐந்தாறு என்றால் யார்தான் இருட்டில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்? ஒரே சாவி என்பதை நான் சொகுசாகப் பார்க்கவில்லை. பூட்டை உண்மையிலேயே பூட்ட வைப்பது அதுதான்.

எங்களிடம் இருப்பது முழுக்க தூலே என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் சாமான். அவர்கள் ஒரே சாவிக்கான சிலிண்டர்களை, அதாவது பூட்டுக்குள் சாவி போகும் உருளைப் பகுதியை, 4, 6, 8, 12, 16 என்று செட்டாக விற்கிறார்கள். பத்து வேண்டும் என்பதால் 12 வாங்கினோம். மிச்சம் இரண்டு, நாளைக்கு இன்னொரு கேரியர் வந்தால் அதற்கு.

மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. செட்டுடன் தனியாக ஒரு சாவி வரும். அது கழற்றுவதற்கு மட்டும். அதைப் பழைய சிலிண்டரில் செருகி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். புதியதையும் அதே சாவியில் மாட்டி உள்ளே அழுத்தி, சாவியை மட்டும் உருவிக்கொள்ள வேண்டும். சிலிண்டரை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னத் தகடு. சாதாரணச் சாவி அதைத் தொடாது, கழற்றும் சாவி அதை உள்வாங்க வைக்கிறது. என் மகள் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளே மாற்றினாள்.

கழற்றும் சாவியை தினசரிச் சாவிக்கொத்தில் மாட்டாதீர்கள். அது வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டியது.

மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறீர்கள்? வேறு பிராண்ட் வைத்திருப்பவர்களும் எழுதுங்கள்.

ஜி.பி. ரோடு கடைக்காரன்

மேடம், தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கடையில் தினமும் இதைப் பார்க்கிறவன் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

செட் வாங்கும் முன் கூரையில் ஏறிப் பார்த்து எண்ணுங்கள். ஞாபகத்திலிருந்து சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரூஃப் பாக்ஸை விட்டுவிடுவார்கள். சில பாக்ஸில் ஒரு பக்கம்தான் பூட்டு, இரண்டு பக்கமும் திறக்கிற மாடலில் பக்கத்துக்கு ஒன்று.

ஒரு பிராண்ட் சிலிண்டர் இன்னொரு பிராண்டில் உட்காராது. யாகிமாவுக்கும் இதே முறை உண்டு, அங்கேயும் கழற்ற தனிச் சாவிதான். ஆனால் தூலே சிலிண்டரை அதில் போட முடியாது. கம்பி ஒரு கம்பெனி, சைக்கிள் கேரியர் இன்னொரு கம்பெனி என்று கலந்து வாங்கியவர்கள் இரண்டு சாவியோடு இருக்க வேண்டியதுதான். அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து சாவி இரண்டாகக் குறைவதே பெரிய நிம்மதி.

முக்கியமான விஷயம் நம்பர். தூலேயில் சாவி மீதும் சிலிண்டர் முகத்திலும் ஆங்கில 'என்' (N) எழுத்தும் மூன்று இலக்கமும் பொறித்திருக்கும். சாவி தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லி வேறு சாவி வரவழைக்கலாம். அதே எண்ணில் சிலிண்டரைத் தனியாகவும் வாங்கலாம், அதனால் முன்பு வாங்கிய செட்டுக்குப் பொருத்தமாகப் பின்னாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். செட் பிரித்த அன்றே எண்ணைப் போனில் குறித்து வையுங்கள். சாவியைத் தொலைத்துவிட்டு எண்ணும் தெரியாமல் வருகிறவர்களை, வண்டிக்குப் போய் சிலிண்டர் முகத்தைத் துடைத்துப் பாருங்கள் என்றுதான் அனுப்புகிறேன்.

கொளத்தூர் ஓட்டுநர்

நீங்கள் எல்லாரும் வெளிநாட்டுக் கேரியர் பற்றிப் பேசுகிறீர்கள். என்னைப் போல டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன் கூரையில் இருப்பது பட்டறையில் பைப் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த கேரியர். கார்த்திகை மார்கழியில் சபரிமலை டிரிப் என்றால் ஏழெட்டு சாமிகளின் பைகள் மேலே, தார்ப்பாய் போட்டு, சங்கிலி சுற்றி, நாலு மூலையிலும் பூட்டு. வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் பயம்தான். சாமிகளின் இருமுடி அவர்கள் மடியில் இருக்கும், துணிமணி எல்லாம் மேலேதான்.

நாலு பூட்டுக்கும் ஒரே சாவி எனக்கு திண்டுக்கல்லில் கிடைத்தது. அங்கே லீவர் பூட்டைக் கையால் செய்கிறார்கள். ஒரே சாவி வேண்டும் என்று சொல்லி ஆர்டர் கொடுத்தால் நாலுக்கும் லீவரை ஒன்றுபோல அராவித் தருவார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. கனம் கொஞ்சம் அதிகம், ஆனால் கையில் பிடித்தாலே நம்பிக்கை வரும். நம்ம ஊர் வேலைக்காரர்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். இந்த வசதிக்கு வெளிநாட்டுச் சாமான்தான் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் முதலாளியிடம் பல வண்டிகள். எல்லா வண்டிக்கும் ஒரே சாவி போடலாம் என்று பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். ஒரு சாவி தொலைந்தால் அத்தனை வண்டியின் கூரையும் திறந்து கிடப்பதாக அர்த்தம். வண்டிக்கு ஒரு சாவி, அந்த வண்டியில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் அதே சாவி. அந்த அளவோடு நிறுத்துவதுதான் சரி. இப்போது அப்படித்தான் நடக்கிறது.

வேளச்சேரிவாசி

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் வீட்டில் இரண்டு கார், இரண்டுக்கும் ஒரே செட் போடும் எண்ணம் இருந்தது. இதைப் படித்த பிறகு தனித்தனியாகத்தான் போடப் போகிறேன்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இந்தப் பூட்டு எவ்வளவு அவசியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வந்தாலே மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறோம். 2015 டிசம்பரையும் 2023இல் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வோம்? அப்படி நிறுத்தினால் வண்டி பல மணி நேரம், சில சமயம் இரண்டு நாள், திறந்த ரோட்டில் ஆளில்லாமல் நிற்கிறது. கேரியரைக் கழற்றி வீட்டில் வைக்க அப்போது நேரம் இருக்காது. கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரே சாவியால் சுற்றி வந்து எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். போன மழையில் நான் அதை அனுபவித்தேன்.

கேள்வி ஒன்று: கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பூட்டு துருப்பிடிக்காதா?

கடலோரவாசி, திருவான்மியூர்

பிடிக்கும். எங்கள் தெருவில் ஏசி வெளி யூனிட்டே சில வருடத்தில் உதிர்கிறது, பூட்டின் சின்ன ஸ்பிரிங் எம்மாத்திரம். நான் செய்வது இது: கடற்கரைக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்த பிறகு சாவித் துளையில் கொஞ்சம் கிராஃபைட் தூள். எண்ணெய் விட்டால் அப்போதைக்குச் சுகமாகத் திரும்பும், பிறகு மணலும் தூசியும் அதில் ஒட்டி இறுகிவிடும். உபயோகிக்காத பூட்டையும் அவ்வப்போது திருப்பிவிடுங்கள். அசையாமல் கிடக்கிற பூட்டுதான் முதலில் மாட்டிக்கொள்கிறது. ஒரே சாவி என்றானதும் இதுவும் ஒரு நடையில் முடிகிறது.

அண்ணாநகர் அப்பா

அமெரிக்காவில் என் தம்பி வைத்திருக்கும் போல்ட் என்கிற பூட்டு இன்னும் ஒரு படி மேலே. முதல்முறை கார் சாவியைச் செருகித் திருப்பினால் பூட்டு அந்தச் சாவியைப் படித்துக்கொள்கிறது. அதன் பிறகு கார் சாவியேதான் பூட்டுச் சாவி. குறிப்பிட்ட சில கார் கம்பெனிகளுக்கு மட்டும்தான் வருகிறது. அதனால் நமக்கு இப்போதைக்கு சிலிண்டர் செட்தான் வழி.

என் சந்தேகம் வேறு. பிள்ளைகள் காலேஜ் போய்விட்டார்கள், ரூஃப் பாக்ஸை மட்டும் விற்கப் போகிறேன். கம்பியும் சைக்கிள் கேரியரும் என்னிடமே இருக்கும். எல்லாம் ஒரே சாவி. என்ன செய்வது?

ஜி.பி. ரோடு கடைக்காரன்

சார், பாக்ஸோடு முதலில் வந்த பழைய சிலிண்டர்களையும் அதன் சாவியையும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் கழற்றும் சாவியால் இப்போது உள்ளதை எடுத்துவிட்டு, பழையதை மறுபடி மாட்டிக் கொடுங்கள். உங்கள் சாவியோடு அப்படியே விற்றால், வாங்குகிறவர் கையில் உங்கள் கேரியர் சாவியும் போய்ச் சேரும். பழையது இல்லையென்றால் வாங்குகிறவரையே அவருடைய எண்ணில் சிலிண்டர் வாங்கி வரச் சொல்லுங்கள், அவருக்கும் அது சௌகரியம். எடுத்த சிலிண்டர்களைத் தூக்கிப்போடாமல் ஒரு கவரில் எண் எழுதி வையுங்கள்.

அண்ணாநகர் அப்பா

இருக்கிறது சார், பரணில் அட்டைப்பெட்டியில். சனிக்கிழமை மாற்றிவிட்டுத்தான் விளம்பரம் போடுவேன். நன்றி.