ஒலி கேட்டு ஆண் தவளை எழுப்பும் குரல்: ‘மறுகுரல்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆண் தவளைக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து, அது பதிலுக்குக் கத்துகிறதா என்று எண்ணிப் பார்க்கும் சோதனை உண்டு. அமெரிக்கக் காளைத்தவளை பற்றி ஆய்வாளர் ராபர்ட் கேப்ரானிகா 1965-இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க இதுதான். அப்படி எழும் குரலுக்கு (ஆங்கிலத்தில் evoked vocal response) தமிழ்க் கலைச்சொல்லாக ‘மறுகுரல்’ என்று முன்மொழிகிறேன்.

‘எதிரொலி’ மலையில் பட்டுத் திரும்புவதற்கு நிலைத்துவிட்டது. ‘தூண்டுகுரல்’ வேண்டவே வேண்டாம். வினைத்தொகையாகப் படித்தால் தூண்டுகிற குரல் என்றாகிவிடும். அது ஒலிபெருக்கியில் நாம் போடுவது, தவளை எழுப்புவது அல்ல.

*

> ‘மறுகுரல்’ என்று முன்மொழிகிறேன்

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ‘மறு’ என்றதுமே உரையாடல் என்ற எண்ணம் புகுந்துவிடுகிறது. கேப்ரானிகாவின் சோதனையில் ஒலித்தது இன்னொரு தவளை அல்ல, ஒலிபெருக்கி. செயற்கையாக ஆக்கிய ஒலிக்கும் காளைத்தவளை கத்தியது. 200 ஹெர்ட்ஸ் அருகிலும் 1400 ஹெர்ட்ஸ் அருகிலும் சேர்ந்தாற்போல் ஆற்றல் இருந்தால் போதும். அதே ஒலியில் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றலை ஏற்றினால் கத்தல் அடங்கிவிடும். முழுதாக வளராத ஆண் தவளையின் குரலில் அந்த 500 தான் ஓங்கியிருக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வளர்ந்த ஆணின் குரலை மட்டும் செவி வடிகட்டி எடுக்கிறது, இது உரையாடல் அல்ல.

பாடநூல்களில் ‘தூண்டல்–துலங்கல்’ என்ற இணை ஏற்கெனவே புழங்குகிறது. ‘குரல் துலங்கல்’ என்றால் நோக்கம் எதையும் ஏற்றாமல் நிற்கும்.

*

> நோக்கம் எதையும் ஏற்றாமல் நிற்கும்

ஒப்புகிறேன். ஆனால் தவளை ஒலிபெருக்கிப் பக்கம் திரும்புவதும், தாவி வருவதும், வாயடைத்துப் போவதும்கூடத் துலங்கல்தான். அந்தப் பொதுச்சொல்லை அங்கேயே விடுவோம். அளவீட்டுத் தாளில் ‘மறுகுரல் தாமதம்’, ‘மறுகுரல் எண்ணிக்கை’ என்று எழுதக் கை தயங்காது.

உரையாடல் வாடை வருவது சில இனங்களில் பிழையும் அல்ல. போர்ட்டோ ரிக்கோவின் கோக்கீ தவளை ‘கோ–கீ’ என்று இரு சுரமாகக் கத்தும். பக்கத்தில் இன்னோர் ஆணின் குரல் கேட்டால் ‘கீ’யை விட்டுவிட்டு ‘கோ’ மட்டும் கொடுக்கும். ‘கோ’ ஆண்களுக்கு, ‘கீ’ பெண்களுக்கு என்று ஆய்வாளர் பீட்டர் நாரின்ஸும் கேப்ரானிகாவும் 1976-இல் காட்டினார்கள். ஆகவே மறுகுரல் என்பது கேட்ட குரலின் நகலாக இருக்க வேண்டியதில்லை. வரையறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ‘அழைப்பு மறுகுரல்’, ‘சண்டை மறுகுரல்’ என்று வகையும் பிரிக்கலாம். பசிபிக் மரத்தவளையில் அண்டை ஆணின் குரல் ஒரு மட்டத்தைத் தாண்டினால் அழைப்பு சண்டைக்குரலாக மாறுகிறது. ஒலியளவை ஒலிபெருக்கியின் வாயில் அல்ல, தவளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

*

‘மறுகுரல்’ எனக்கும் சரி, ஒரு நிபந்தனையோடு. ஆண் தவளை எதுவும் கேட்காமலேயும் கத்தும். அதற்கு ‘தானெழுகுரல்’ என்று இணைச்சொல் வைக்காவிட்டால் கணக்கு குழம்பும். ஒலி போடும் முன் அதே கால அளவு அமைதியில் எண்ண வேண்டும். 5 நிமிடம் போடுவதானால் 5 நிமிடம் சும்மா கேட்க வேண்டும். அதற்கு மேல் மிகுவதே மறுகுரல்.

கைப்பேசி ஒலிபெருக்கியை நம்பிச் சோதிப்பவர்களுக்காக ஒன்று. அதில் 200 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய வராது. காளைத்தவளையின் குரலைப் போட்டால் 1400 மட்டும் ஒலிக்கும். தவளை பேசாமல் இருக்கும். ‘மறுகுரல் இல்லை’ என்று தவறாக எழுதிவிடுவோம். சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒலியைக் கூட்டினாலும் ஆபத்து: 200 சிதைந்து 400, 600 என மடங்குகள் முளைக்கும், கத்தலை அடக்கும் 500 பக்கத்துக்கு ஆற்றல் போய்ச் சேரும். 200 ஹெர்ட்ஸைச் சிதறாமல் தரும் பெட்டியும், சுருக்காத ஒலிக்கோப்பும் வேண்டும்.

வரையறை இப்படி: ‘குறித்த ஓர் ஒலியைக் கேட்டபின், தானெழுகுரலின் அளவை மிஞ்சி எழும் குரல், கேட்ட ஒலியை ஒத்திருக்க வேண்டியதில்லை.’

500 ஹெர்ட்ஸ் ஏறினால் கத்தல் அடங்கும் விளைவுக்கு ‘குரலடக்கம்’ வேண்டாம், பணிவு என்று படிப்பார்கள். ‘குரலொடுக்கம்’ என்பதற்கு யாருக்காவது மறுப்பு உண்டா?