1970–77 மூடிய பொருளாதாரம்: இலங்கைக்கு அது மீண்டும் வழிகாட்டுமா?

வடமராட்சியான்:
2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்த பின்னரும், நமது பொருளியல் பேச்சு ஏற்றுமதி, சுற்றுலா, புதுக்கடன் என்பவற்றைத் தாண்டவில்லை. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வேறு வழியில் சென்றது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டதும், யாழ்ப்பாணத்துச் செம்மண் நாடு முழுவதற்கும் விளைவிக்கத் தொடங்கியது. வன்னிப் பகுதியின் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி பெற்ற படித்த வாலிபர்கள் மிளகாய் விற்ற பணத்தில் உழவு இயந்திரம் வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். அரசாங்க உத்தியோகத்தையே பெரிதென எண்ணிய சமூகம் தோட்டம் செய்பவனுக்கும் பெண் கொடுக்க முன்வந்தது. 1977க்குப் பின் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அந்த விளைபொருள்களின் விலை சரிந்தது. ஒரு நாடு தன் சிக்கலைத் தன் மண்ணிலேயே தீர்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டிக்கோயா வாசி:
நண்பர் காட்டும் அதே ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1973–74இல் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறியபோது அரசு பங்கீட்டில் வழங்கிய கூப்பன் அரிசியையும் மாவையும் குறைத்தது. கிராமத்தவர் கொல்லையில் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவருக்கோ சொந்தமாக வயலும் இல்லை, கொல்லையும் இல்லை. 1974இல் பெருந்தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடக் கடுமையாக உயர்ந்ததென்பது பதிவாகியுள்ள உண்மை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த தேயிலையைப் பறித்த கைகளே பாணுக்கு அலைந்தன. அவர்களிற் பெரும்பாலோர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்திருந்தவர்கள். ஆகவே அவர்களுடைய பசி எந்த வேட்பாளரையும் தோற்கடிக்கப் போவதில்லை.

வடமராட்சியான்:
அந்தத் துயரத்தை மறுக்கவில்லை. ஆனால், எண்ணெய் விலை ஏறியது உலகத்தால். கூப்பனைப் பாரபட்சமின்றிப் பங்கிடத் தவறியது நிர்வாகத்தால். கதவு திறந்திருந்தாலும் கையில் செலாவணி இல்லாத நாட்டுக்குக் கப்பல் வந்திராது. உள்நாட்டு உற்பத்திக் கொள்கையின் மீது இந்தப் பழியைச் சுமத்துவது பொருந்தாது.

பேரேடு:
உங்கள் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் இறைத்த பம்பு, அதை ஓட்டிய மண்ணெண்ணெய், மிளகாய்க்கு இட்ட உரம், தெளித்த பூச்சிமருந்து ஆகியவற்றுள் பெரும்பகுதி கப்பலில் வந்தவையே. அப்படியிருக்க அதைத் தன்னிறைவு என்று எவ்வாறு அழைப்பது? போட்டி விலக்கப்பட்டதால் கிடைத்த உயர்ந்த விலை அது. அந்த விலையைச் செலுத்தியவர்கள் கொழும்பின் கூலிக் குடும்பங்களும், டிக்கோயா வாசி சொல்லும் லயத்து மக்களுமே. தடை விலகியவுடன் அந்த விலை நில்லாது போனதற்கும் இதுவே காரணம்.

அண்மையதையும் பாருங்கள். செலாவணியைக் காக்கவும் உள்நாட்டுப் பயிரை வளர்க்கவும் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தார்கள். விலை பல மடங்கானது, இராமநாதபுரக் கரையிலிருந்து படகுகளில் மஞ்சள் மூட்டை கடத்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்த அரசு, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. அதற்குள் பெரும்போக நெல் கெட்டு, அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது.

வடமராட்சியான்:
2021ஐ 1970உடன் ஒப்பிடுவது நியாயமன்று. ஓர் அறிவித்தலால் உரத்தைப் பறித்ததற்கும், 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை அமைத்து உத்தரவாத விலை கொடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. தென்கொரியா தன் தொழில்களைச் சுங்கத்தாலும் தடையாலும் காத்து வளர்த்ததை எவரும் முட்டாள்தனம் என்பதில்லையே!

பேரேடு:
தென்கொரியா காத்த தொழில்களை ஏற்றுமதி செய்யும்படி நெருக்கியது; ஏற்றுமதி செய்தவர்க்கே சலுகைக் கடன் கிடைத்தது. நம்மிடம் அந்த நெருக்குதல் இருக்கவில்லை. எனவே உங்கள் உதாரணம் என் பக்கமே சாய்கிறது.

டிக்கோயா வாசி:
நெல் சபையைப் புகழ்வதாயின், நெல்லை அச்சபைக்கே விற்கவேண்டுமென்ற கட்டாயத்தையும், சில கொத்து அரிசிக்கு மேல் கொண்டுசென்றவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைத் துழாவிய சோதனைச் சாவடிகளையும் சேர்த்தே பேசவேண்டும். வெளியுலகுக்கு மூடிய கதவு மாவட்டத்துக்கு மாவட்டமும் மூடப்பட்டது. 1977 ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களுள் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8. மிளகாயால் உயர்ந்த வடக்கும் அக்கட்சிக்கு வாக்களிக்கவில்லை. அனுமதிக்கான புள்ளிகளை மொழி, மாவட்ட அடிப்படையில் மாற்றியமைத்த தரப்படுத்தலால் தன் பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதியை இழந்ததை அது மறக்கவில்லை. உள்நோக்கித் திரும்பும் அரசிடம், நாட்டின் உள்ளே யார் யாரை அது நாட்டினராகக் கணக்கிடுகிறதென்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. 1970இன் அரசிடம் அதற்கான விடை மலையகத்துக்கும் வடக்குக்கும் சாதகமாக இருக்கவில்லை.