மறு: ‘பூட்’ – தொடக்கமா, முதலேற்றமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கணினியை இயக்கியதும் இயங்குதளம் நினைவகத்தில் ஏறுவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறோம். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான நம் தமிழ்க் கையேட்டில் அதற்கு ‘முதலேற்றம்’ என்று நான் எழுதியதற்கு, ‘தொடக்கம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நிறுவல் கையேட்டில் பழுதுநீக்கப் பகுதியை எழுத உட்கார்ந்தால் அது போதாது என்று தெரிந்துவிடும். செயலியைத் தொடங்குகிறோம், நிறுவலைத் தொடங்குகிறோம், கணினியையும் தொடங்குகிறோம். ‘பென் டிரைவிலிருந்து தொடங்கவில்லை’ என்று ஒருவர் எழுதினால் என்ன புரிந்துகொள்வது? கணினி பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லையா, உபுண்டு திரை வந்தபிறகு நிறுவல் நின்றுபோனதா? இரண்டுக்கும் தீர்வு வேறு.

பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யூஈஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் முதலில் வன்பொருளைச் சரிபார்க்கிறது. அப்புறம் வரிசைப்படி ஒவ்வொரு வட்டாகப் பார்த்து, இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும் சிறுநிரலைத் தேடுகிறது. பென் டிரைவ் என்றால் வழக்கமாக ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த வட்டுப் பகுதியில் ‘ஈஎஃப்ஐ’ அடைவு, அதற்குள் ‘பூட்’ அடைவு, அதற்குள் ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ கோப்பு. அது கிடைக்காவிட்டால் அடுத்த வட்டுக்குப் போய்விடும். ஆக, இங்கே நடக்கும் வேலை ஏற்றுவது. அதுவும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக. எனவே ‘முதலேற்றம்’ என்று பரிந்துரைக்கிறேன். முதலேற்று, முதலேற்றி (மேலே சொன்ன சிறுநிரல்), முதலேற்ற வரிசை என்று சிரமமில்லாமல் கிளைக்கிறது.

‘பூட்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘எழுப்பு’ அழகான சொல்தான். ஆனால் உறக்க நிலையில் இருக்கும் கணினியை எழுப்புவதற்கு அது வேண்டியிருக்கிறது. ‘முதல்’ என்றால் பணம் நினைவுக்கு வருகிறது என்ற தடையை நான் ஏற்கவில்லை. முதலுதவி என்றதும் யாரும் முதலீட்டை நினைப்பதில்லை.

கையேட்டில் பொருத்திப் பார்ப்போம். அதிகம் பார்க்கும் கோளாறு, ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியது) பென் டிரைவில் அப்படியே நகலெடுத்துப் போடுவது. பென் டிரைவைத் திறந்தால் சில ஜிபி அளவில் ஒரே ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். ‘ஈஎஃப்ஐ’ அடைவு கண்ணில் படாது. அதற்கான வரி: ‘ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே நகலெடுத்தால் முதலேற்றம் நடக்காது, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு எழுதுங்கள்.’ ரூஃபஸ், எட்சர் இரண்டும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் முறையாக எழுதும் செயலிகள். வரி படிக்க நன்றாகவே இருக்கிறது. ‘பூட்டபிள்’ என்பதற்கு ‘முதலேற்றத்தக்க’ என்பது நாக்கைச் சுற்றுகிறது, அதை விட்டுவிட்டு ‘முதலேற்றப் பென் டிரைவ்’ என்றே எழுதலாம்.

யூஈஎஃப்ஐ-யில் உள்ள ‘செக்யூர் பூட்’ வசதிக்குப் பரிந்துரையாக வந்த ‘பாதுகாப்பான தொடக்கம்’ எனக்குப் பிடிக்கவில்லை. கணினிக்கே முழுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. அது பார்ப்பது முதலேற்றியின் மின்னணுக் கையொப்பத்தை. நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாத முதலேற்றியை உள்ளே விடாது. உபுண்டுவின் முதலேற்றி கையொப்பத்துடன் வருவதால் பெரும்பாலும் அதை அணைக்கவே தேவையில்லை. கையொப்பம் இல்லாத சில லினக்ஸ் வழங்கல்களில்தான் சிக்கல். ‘கையொப்ப முதலேற்றம்’ என்றால் பயனருக்கு எங்கே தடை விழுகிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். யூஈஎஃப்ஐ அமைப்புத் திரையில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள்தான் இருக்கும். கையேட்டில் முதல்முறை வரும்போது ‘திரையில் செக்யூர் பூட் என்று இருக்கும்’ எனச் சொல்லிவிட்டு, பிறகு நம் சொல்லையே தொடர்ந்து பயன்படுத்தலாம். எந்த வட்டிலிருந்து முதலேற்றுவது என்று தேர்வதற்கான எஃப்12 போன்ற விசை கணினி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிட்டால் நல்லது.

‘ரீஸ்டார்ட்’ இப்போதுபோல ‘மறுதொடக்கம்’ என்றே இருக்கட்டும். அது பயனர் செய்யும் செயல், பழகியும்விட்டது. பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டிப் பார்க்கும் ‘லைவ்’ முறைக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘நிறுவாமல் இயக்குதல்’ என்று நீட்டி எழுதியிருக்கிறேன், யாராவது சுருக்கித் தாருங்கள்.

அன்புடன்.