பாப்பாவுக்கு எந்தத் தளபதி?

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை (வர்ஜீனியா நேரம்)

காலை 8:05

நான்: தாத்தா, அவசரம். வரலாற்று வகுப்பில் அமெரிக்கத் தளபதி ஒருவரைப் பற்றி 5 நிமிடம் பேச வேண்டும். அவரைப் போலவே வேஷமும் போட வேண்டும். பெயரை இன்று இரவுக்குள் கொடுக்க வேண்டும். வாஷிங்டனையும் லீயையும் வேறு பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள்.

அம்மா: இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அவசரமாம்.

சின்ன மாமா: இரண்டாம் உலகப் போர்த் தளபதி பேட்டன். யோசிக்கவே வேண்டாம். இடுப்பில் கைத்துப்பாக்கி, தலையில் பளபளக்கும் ஹெல்மெட்.

பெரிய மாமா: 1943இல் சிசிலியில், மருத்துவமனையில் கிடந்த படைவீரனைக் கன்னத்தில் அறைந்தவர். அதையும் பேசுவாளா?

சின்ன மாமா: மன்னிப்புக் கேட்டாரே

பெரிய மாமா: ஐசன்ஹோவர் கேட்க வைத்தார். பாப்பா, நீ ஐசன்ஹோவரையே எடு. பேட்டனுக்கும் மேலே இருந்தவர். 1944 ஜூன் 6, பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படை இறங்கிய நாள். படை கிளம்பும் முன்பே, தோற்றுவிட்டால் வெளியிட ஒரு குறிப்பைக் கைப்பட எழுதி வைத்துக்கொண்டார். குறை ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று. அந்தத் தாளில் தேதி ஜூலை 5 என்று இருக்கும். ஜூனை ஜூலை என்று எழுதிவிட்டார்.

சித்தி: பாவம், எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ

சின்ன மாமா: குறை என்னுடையது மட்டுமே என்று நம் வீட்டில் யாராவது ஒருமுறை எழுதிக் கொடுத்தால் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம்

பெரிய மாமா: யாரைச் சொல்கிறாய்?

சின்ன மாமா: பொதுவாக

அப்பா: லீஸ்பர்க் நமக்குப் பக்கம்தான். ஜெனரல் மார்ஷல் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. மதியம் போய்ப் படம் எடுத்து வரலாம். 1953இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர்.

நான்: எந்தப் போரில் சண்டை போட்டார்?

அப்பா: தாத்தாவைக் கேள்

தாத்தா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

சின்ன மாமா: வகுப்பு ஆரம்பம் 🙏

காலை 8:31

தாத்தா: மார்ஷல் பெரிய மனிதர். 1938இல் ஒரு கூட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் தன் விமானத் திட்டத்தைச் சொல்லி, சரிதானே ஜார்ஜ் என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இவர் மட்டும், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்றார். அவர் உத்தியோகம் அத்தோடு போயிற்று என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அதே ரூஸ்வெல்ட் மறு ஆண்டே அவரைத் தரைப்படைத் தலைவர் ஆக்கினார். 1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் பதவியேற்றார். ஆனால் அவர் வேலையெல்லாம் மேசையில். பாப்பாவின் வகுப்பில் அதைச் சொல்லி நிற்க வைப்பது கடினம்.

தாத்தா: அடுத்து கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதி. 1865 ஏப்ரல் 8 இரவு. தெற்குத் தளபதி லீயின் படையைத் துரத்திக்கொண்டு போகிறார். கடுமையான ஒற்றைத் தலைவலி. வழியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, கடுகு கலந்த வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலும் பிடரியிலும் கடுகுப் பற்றுப் போட்டுப் பார்க்கிறார். விடியும்வரை போகவில்லை. மறுநாள் லீயிடமிருந்து சரணடைவது பற்றிப் பேச வருகிறேன் என்று கடிதம். அதைப் பார்த்த கணமே தலைவலி போய்விட்டது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பாட்டி: கடுகா? சுக்கு அல்லவா போட வேண்டும்

சித்தி: கடுகு தோலைப் புண்ணாக்கிவிடும் அம்மா

பாட்டி: அதைத்தான் சொல்கிறேன். சுக்கைச் சந்தனக் கல்லில் உரைத்து நெற்றியில் போட்டால் அரை மணி நேரம்

அம்மா: எனக்கு இங்கே சந்தனக் கல் இல்லை. போன தடவையே கேட்டேன், பெட்டியில் எடை கூடிவிடும் என்று அண்ணன் எடுத்து வைத்துவிட்டான்.

பெரிய மாமா: ஊறுகாய் 4 கிலோ இருந்தது

நான்: தாத்தா, அப்புறம் என்ன ஆனது?

தாத்தா: அப்போமேட்டாக்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டுக் கூடம். லீ புத்தம்புது சீருடை, இடுப்பில் அழகான வாள். கிராண்ட் சாதாரணச் சிப்பாயின் மேல்சட்டை, பூட்ஸெல்லாம் சேறு. தோற்றவர்களைச் சிறைப்படுத்தவில்லை. வசந்தத்தில் உழவுக்கு வேண்டும் என்பதால், சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்றார். பட்டினி கிடந்த அந்தப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் கொடுத்தார். நம் பக்கத்தார் வெற்றி வேட்டுப் போடத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார்.

சித்தி: உழவுக்குக் குதிரை. இதை எழுதிக்கொள் பாப்பா.

சின்ன மாமா: நம் பக்கத்தாரா? அப்பா வடக்குப் படையில் சேர்ந்து வெகு நாளாயிற்று

பெரிய மாமா: வேறு ஒன்று. தை மாதச் சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூரா மதுரையா, இன்றே முடிவு சொல்லுங்கள். மண்டபக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

சின்ன மாமா: திருக்கடையூர்

அம்மா: மதுரை. அங்கிருந்து இங்கே என்று பிள்ளைகளோடு அலைய முடியாது.

சித்தி: யார் யாருக்குச் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யலாமா?

பெரிய மாமா: அதை அப்புறம் பேசலாம்

காலை 9:10

தாத்தா: என்னைக் கேட்டால் இவர்கள் யாரும் வேண்டாம். தாமஸை எடு. ஜார்ஜ் ஹென்றி தாமஸ்.

அம்மா: யார் அப்பா அது?

அப்பா: வாஷிங்டனில் தாமஸ் சர்க்கிள் இருக்கிறதே, அவரா? அலுவலகத்துக்குத் தினமும் அதைச் சுற்றித்தான் போகிறேன். குதிரை மேல் ஒருவர் இருப்பார். யாரென்று நின்று பார்த்ததே இல்லை.

தாத்தா: அவரேதான் மாப்பிள்ளை. 1879இல் வைத்த சிலை. பாப்பா, இவரும் உங்கள் வர்ஜீனியாக்காரர். 1816இல் சவுத்தாம்ப்டன் மாவட்டத்தில் பிறந்தார். அடிமைகளை வைத்திருந்த குடும்பம். 1861இல் தெற்கு மாநிலங்கள் பிரிந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது லீ பதவியை விட்டுத் தன் மாநிலத்தோடு போனார். அதே மாநிலத்தில் பிறந்த தாமஸ், எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்று ஒன்றியப் படையிலேயே, அதாவது வடக்கின் படையிலேயே நின்றார். வடக்கில் சந்தேகப்பட்டார்கள், தெற்கில் துரோகி என்றார்கள்.

தாத்தா: 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா என்ற இடத்தில் சண்டை. ஒரு தவறான உத்தரவால் ஒன்றியப் படை வரிசையின் நடுவில் இடைவெளி விழுந்தது. அதன் வழியாக எதிரி உள்ளே வந்துவிட்டான். தலைமைத் தளபதியே சாட்டனூகா என்ற ஊருக்குப் போய்விட்டார். தாமஸ் மட்டும் மிஞ்சியவர்களைத் திரட்டி ஒரு குன்றின் மேல் மாலை வரை நின்றார். அந்த நிலைப்பினால்தான் படை தப்பியது. இரண்டு நாளில் இரு பக்கமும் சேர்த்து 34,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். சிக்கமாகாவின் பாறை என்று அவருக்குப் பெயர் வந்தது அங்கேதான்.

நான்: பாறை என்பது நன்றாக இருக்கிறது

தாத்தா: அடுத்த ஆண்டு நாஷ்வில் என்ற ஊரில் சண்டை. உடனே தாக்கு, உடனே தாக்கு என்று கிராண்ட் தந்தி மேல் தந்தி. இவர் குதிரைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் உறைமழை பெய்து தரையெல்லாம் பனிக்கட்டி. உருகட்டும் என்று காத்திருந்தார். கிராண்ட் இவரை மாற்ற வேறொருவரை அனுப்பியே விட்டார். அந்த ஆள் வந்து சேருமுன், டிசம்பர் 15, 16 இரண்டே நாளில் எதிரிப் படையைச் சிதறடித்துவிட்டார். அவசரப்படாதவன் சோம்பேறி இல்லை. இதை நான் 30 வருஷம் வகுப்பில் சொன்னேன்.

பெரிய மாமா: மண்டபக்காரரிடமும் அதையே சொல்லட்டுமா?

தாத்தா: சாட்டனூகாவில் இறந்தவர்களுக்கு மயானம் அமைத்தபோது, மாநிலவாரியாகப் பிரித்துப் புதைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், கலந்தே புதையுங்கள் என்றார். பாப்பா, பேச்சை இதிலிருந்து தொடங்கு.

நான்: அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா தாத்தா? எல்லோரும் தெற்குதானே?

காலை 9:42

தாத்தா: ஊரில் சகோதரிகள் இருந்தார்கள். சின்ன வயதில் ஒரு கலகத்தின்போது அம்மாவோடு எல்லோரும் ஒன்றாக ஓடித் தப்பித்தவர்கள். இவர் வடக்கோடு நின்றுவிட்டார் என்றதும் அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள் என்று சொல்வார்கள். போர் முடிந்து இவர் பணம் அனுப்பியதாகவும், எங்களுக்கு ஜார்ஜ் என்று உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று அவர்கள் மறுத்ததாகவும் கதை உண்டு. மெக்சிகோ போருக்காக ஊரார் பரிசளித்த வாள் ஒன்று. அதைச் சகோதரிகளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். அவர்களிடமே இருந்துவிட்டது. 1870இல் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தார். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில், மனைவியின் ஊரில் புதைத்தார்கள். சகோதரிகள் வரவில்லை.

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமா: தம்பி

சின்ன மாமா: எடுத்துவிட்டேன்

அம்மா: சரி பாப்பா, தாமஸுக்குத் தாடி உண்டு. பஞ்சு வாங்க வேண்டும்.

அப்பா: மதியம் லீஸ்பர்க்கா, தாமஸ் சர்க்கிளா?

சித்தி: அத்தை இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாச் செய்தியிலும் அவர்கள் பெயர் காட்டுகிறது.

பெரிய மாமா: குழுவில் யார் சேர்த்தது?

சித்தி: நான்தான். பொங்கலன்று. எத்தனை வருஷம் இப்படியே இருப்பது?

காலை 10:25

அத்தைப் பாட்டி: படித்தேன். எல்லோரும் அந்தப் பெண்களையே சொல்கிறீர்கள். அண்ணா, அவர் பணம் அனுப்பினார், சரி. ஒருநாளாவது நேரில் வந்தாரா?

காலை 10:27

நான்: அத்தைப் பாட்டி!

பாட்டி: கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்

காலை 10:41

தாத்தா: நான் படித்தவரை, அவர் வந்ததாக இல்லை.

அத்தைப் பாட்டி: ஊர் வீட்டை விற்றபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். பங்குப் பணம் தபாலில் வந்தது. ஊஞ்சல் பலகையை மட்டும் நான் வண்டி வைத்து எடுத்துவந்தேன். இன்னும் இங்கே கும்பகோணத்தில் பின்கட்டில்தான் இருக்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை.

தாத்தா: உன்னைக் கேட்காமல் போட்டது தப்புத்தான் அம்மா. நாளை வருகிறேன்.

பெரிய மாமா: அப்பா, முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் உட்கார முடியாது. போனில் பேசுங்கள். அடுத்த வாரம் நான் கூட்டிப் போகிறேன்.

தாத்தா: நாளை

பாட்டி: நானும் வருகிறேன்

பெரிய மாமா: வண்டி சர்வீஸில் இருக்கிறது

சின்ன மாமா: அண்ணா, வாடகைக்கு எடு. நான் பணம் போடுகிறேன்.

அத்தைப் பாட்டி: வருவதென்றால் 11 மணிக்குள் வாருங்கள். மதியம் தூங்குவேன். உப்பு குறைவாகச் சமைப்பதா?

பாட்டி: குறைவாகத்தான். இவருக்கு ரத்த அழுத்தம்.

சித்தி: அத்தை, சதாபிஷேகத்துக்கும் வருவீர்கள் அல்லவா?

அத்தைப் பாட்டி: முதலில் நாளை ஆகட்டும்

காலை 11:02

நான்: தாமஸ் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆனால் வாள் வேண்டுமே

அம்மா: பள்ளிக்கு வாள் கூடாது. மின்னஞ்சலில் போட்டிருக்கிறார்கள்.

நான்: அட்டையில் செய்தால்?

அம்மா: அதுவும்தான்

தாத்தா: வாள் வேண்டாம் பாப்பா. அவர் வாள்தான் சகோதரிகளிடம் இருக்கிறதே.