பதிவர் மாநாட்டில் எஸ்இஓ பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு: அனுபவப் பகிர்வு

40 நிமிடம் ஒதுக்கினால் 28 நிமிடத்துக்கு மட்டும் பேச்சைத் தயார் செய்யுங்கள். எஸ்இஓ (தேடுபொறி முடிவுகளில் பதிவு முன்னால் வரச் செய்யும் வேலை) என்றாலே கேள்விகள் குவியும், மீதி நேரம் அதற்கே சரியாக இருக்கும். அரங்கில் புதிதாக எழுதத் தொடங்கியவரும் இருப்பார், பல வருடங்களாக எழுதுபவரும் இருப்பார். இரண்டு பேருக்கும் பயன்பட வேண்டுமென்றால் உத்திகளை அடுக்காதீர்கள். ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு அது போகும் பாதையைக் கடைசிவரை காட்டுங்கள். கூகுள்பாட் (பக்கங்களைப் படித்துப்போகும் கூகுளின் தானியங்கி நிரல்) வந்து பார்ப்பது, இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ப்பது, வரிசைப்படுத்துவது, வாசகர் கிளிக் செய்வது என்று நான்கு கட்டம். தன் பதிவு எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்க ஒருவர் கற்றுக்கொண்டால் அந்த உரை வெற்றி.

இண்டெக்ஸ் கட்டத்துக்கு மட்டும் 12 நிமிடம் கொடுக்கலாம். இண்டெக்ஸிலேயே இல்லாத பதிவுக்குத் தலைப்பை மாற்றியும் குறிச்சொல் தேடியும் பயனில்லை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் மேலே இருக்கும் பெட்டியில் முகவரியை ஒட்டினால், பக்கம் கூகுளில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அதுவே சொல்லிவிடும்.

காரணங்களில் மூன்றை விளக்கினால் போதும். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளத்தைக் கட்டும்போது போட்ட டிக்கை வெளியிட்ட பிறகும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரோபாட்ஸ் கோப்பு (தளத்தில் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் robots.txt) பற்றிய குழப்பம். அது பாட் உள்ளே வருவதைத்தான் தடுக்கும், இண்டெக்ஸ் ஆவதைத் தடுக்காது. வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தால் வெறும் முகவரி மட்டும் முடிவுகளில் வரலாம். பக்கத்தில் ‘இண்டெக்ஸில் சேர்க்காதே’ என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியையும் போட்டு, ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்தால், பாட்டால் உள்ளே போய் அந்தக் குறியைப் படிக்கவே முடியாது. ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழைய வழியை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை.

மூன்றாவது, ‘பார்த்தாயிற்று, இப்போதைக்கு இண்டெக்ஸ் செய்யவில்லை’ என்று சர்ச் கன்சோலில் வரும் நிலை. பெரும்பாலும் இது அமைப்புக் கோளாறு அல்ல. பதிவு மெலிந்து இருக்கலாம், அதே செய்தி வேறு பக்கங்களில் இருக்கலாம், சொந்தத் தளத்தின் மற்ற பதிவுகளிலிருந்து ஓர் இணைப்புகூட இல்லாமல் இருக்கலாம். இண்டெக்ஸ் கோரிக்கை பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் எதுவும் மாறாது. பதிவைச் செழுமைப்படுத்தி, தொடர்புள்ள பழைய பதிவுகளிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

———

மேலே சொன்னதோடு மேடை விஷயம் கொஞ்சம். நேரலையில் கூகுளைத் திறந்து தேடிக் காட்டாதீர்கள். வை-ஃபை படுத்தும் என்பது ஒருபுறம். இடம், மொழி, சாதனம் பொறுத்து முடிவுகள் மாறும், உங்கள் திரையில் மூன்றாவதாக இருப்பது கேட்பவர் கைப்பேசியில் ஒன்பதாவதாக இருக்கும். மறைநிலைச் சாளரம் பழைய தேடல் வரலாற்றை ஒதுக்குமே தவிர இடத்தை மறைக்காது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மூலையில் தேதி போட்டுக் கொண்டுபோங்கள். எடுப்பதற்கு முன் பிரவுசரை 175 சதவீதமாவது பெரிதாக்கிக்கொள்ளுங்கள். சர்ச் கன்சோல் எழுத்துகள் சிறியவை, கடைசி வரிசைக்குத் தெரியாது.

தமிழ் ஸ்லைடு என்றால் இன்னொரு ஆபத்து. அரங்கத்து லேப்டாப்பில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் உடைந்து பெட்டியை விட்டு வெளியே போகும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஒன்றைப் பென் டிரைவில் வைத்திருங்கள். எழுத்தளவு 28-க்குக் கீழே போக வேண்டாம்.

அரங்கில் இருப்பவரின் தளத்தை உதாரணமாக எடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பலர் முன்னால் ஒருவருடைய எழுத்தைக் கிழித்துப் போடுவது எந்த வகையிலும் சரியில்லை.

———

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் வரும் மாநாடு என்றால் முகவரி பற்றி ஐந்து நிமிடம் கட்டாயம் பேசுங்கள்.

பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், முகவரியில் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயர்தான் விழும். வெளியிடுவதற்கு முன்பே நிரந்தர இணைப்புப் பகுதியில் தனிப்பயன் முகவரியைத் தேர்ந்து, பொருள் தரும் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் உள்ளே சதவீதக் குறியாக மாற்றிச் சேமிக்கும். ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் 3 பைட், ஒரு பைட்டை எழுதச் சதவீதக் குறியோடு 3 எழுத்து, அதாவது மொத்தம் 9 எழுத்து. ‘கி’ என்பது க, இகரக் குறி என இரண்டாக எண்ணப்படுவதால் 18. முகவரியின் இந்தப் பகுதிக்கு மொத்த இடம் 200 எழுத்து. ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்று இரண்டு சொல் வந்தாலே 172 போய்விடும், மூன்றாவது சொல் நடுவில் அறுந்துவிடும். தமிழ் முகவரியை கூகுள் நன்றாகவே படிக்கும், அதனால் தரவரிசை குறையுமோ என்று பயப்பட வேண்டாம். தொல்லை எல்லாம் அறுந்த சொல்லாலும், வாட்ஸ்அப்பில் பகிரும்போது நீளும் சதவீதக் குறி வாலாலும்தான். இதைக் கேட்டதும் சிலர் வீட்டுக்குப் போய்ப் பழைய முகவரிகளை எல்லாம் மாற்றத் தொடங்குவார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பதிவைத் தொட வேண்டாம், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

———

எண்களைக் காட்டும்போது சர்ச் கன்சோலில் ‘சராசரி இடம்’ (தேடல் முடிவுகளில் சராசரியாக எத்தனையாவதாக வருகிறது) காட்டும் வரைகோட்டை வைத்துத் தளத்தின் நலனைச் சொல்லாதீர்கள். பழைய தேடல்கள் அதே இடத்தில் இருக்க, புதிய பதிவு ஒன்று 60-ஆவது இடத்தில் தோன்ற ஆரம்பித்தாலே சராசரி சரியும். உண்மையில் தளம் வளர்ந்திருக்கும்.

அரங்கிலேயே செய்யக்கூடிய பயிற்சி: சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் மூன்று மாதத் தரவு, இடம் 8 முதல் 20 வரை, தோற்றங்கள் (முடிவுகளில் காட்டப்பட்ட தடவைகள்) அதிகம், கிளிக்குகள் குறைவு. இந்த வடிகட்டியில் நிற்கும் தேடல்களுக்கு எந்தப் பதிவு வருகிறது, அந்தக் கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பதில் ஆறாவது பத்தியில் கிடந்தால் மேலே கொண்டுவரலாம், தலைப்பை அந்தக் கேள்விக்கு ஏற்றபடி திருத்தலாம். திருத்திய தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது. அறிக்கை 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், பழையதை ஒப்பிட வேண்டுமென்றால் முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும்.

———

கேள்வி நேரத்தில் நிச்சயம் வரும் சில:

‘மெட்டா கீவேர்ட் போடலாமா?’ பக்கத்தின் நிரலுக்குள் வாசகருக்குத் தெரியாமல் குறிச்சொற்களை அடுக்கும் வரி அது. வலைத் தேடல் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

‘எத்தனை வார்த்தை எழுதணும்?’ அப்படி எந்த அளவும் கிடையாது. கேட்டதற்குப் பதில் முடிந்ததும் நிறுத்தலாம்.

‘பணம் கொடுத்து இணைப்பு வாங்கலாமா?’ இதற்கு மழுப்பாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். விளம்பரதாரருக்குத் தரும் இணைப்பில், இது விளம்பர இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்ட்’ குறி சேர்க்கும் முறையையும் ஒரு ஸ்லைடில் காட்டிவிடுங்கள். புதிய பதிவர்களை இந்த வலையில் இழுப்பவர்கள் நிறைய.

‘ஏஐ எழுதினதைப் போடலாமா?’ தரவரிசைக்காக மதிப்பில்லாத பக்கங்களைக் கொத்துக்கொத்தாகக் குவிப்பதை, யார் எழுதினாலும் எதை வைத்து எழுதினாலும், 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் (குப்பைப் பக்கங்களுக்கு எதிரான) விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது.

‘எப்போ பலன் தெரியும்?’ வாரக் கணக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். எஸ்இஓ ஆள் ஒருவரை அமர்த்தினாலும் பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. அந்தப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் கடைசி ஸ்லைடாக இருக்கட்டும்.